கடலோரத் தெரு நலச்சங்கம்: புதிதாகக் குடிவருபவர்களுக்கு

சென்னையில் திருவான்மியூர் தாண்டி, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடது பக்கம் கடலைப் பார்த்துத் திரும்பும் எந்தத் தெருவுக்குக் குடிவந்தாலும், பால்காரருக்கு அப்புறம் உங்கள் வீட்டு மணியை அடிக்கும் ஆள் அநேகமாகச் சங்கத்துக்காரராகத்தான் இருப்பார். கையில் ரசீதுப் புத்தகம், சட்டைப் பையில் பேனா. “வருஷச் சந்தா சார், ஆயிரத்து இருநூறு” என்பார். நீங்கள் கேட்கப்போகும் கேள்வியும் அவருக்குத் தெரியும்: “அதான் சொத்துவரி கட்டறோமே, இது எதுக்கு?”

அப்படியொரு சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தவன் நான். அந்தக் கேள்விக்கு வாசலில் நின்றபடி தினுசு தினுசாகப் பதில் சொல்லியிருக்கிறேன். நேர்மையான பதில் ஒன்றுதான்: கட்டாயம் இல்லை. நீங்கள் தராவிட்டால் உங்கள் தண்ணீரையோ குப்பை வண்டியையோ நிறுத்த எங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கடலோரத் தெருச் சங்கம் எப்படி முடிவெடுக்கிறது, எப்படிப் பணம் சேர்க்கிறது, ஏன் அடிக்கடி தடுமாறுகிறது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கிறது.

எந்தச் சங்கம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

அடுக்குமாடியில் குடியேறியிருந்தால் உங்களுக்கு இரண்டு சங்கங்கள் இருக்கும். லிஃப்ட், மோட்டார், செப்டிக் டேங்க், மாடிப்படி விளக்கு இதையெல்லாம் பார்ப்பது உங்கள் கட்டடத்தின் உரிமையாளர் சங்கம். ஃபிளாட் வாங்கும்போது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் உங்கள் பெயருக்கு வருகிறது. பொது இடம் எல்லாருக்கும் கூட்டாகச் சொந்தம். அதனால் அங்கே மாதாமாதம் கேட்கும் பராமரிப்புப் பணத்தை “விருப்பமில்லை” என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அதற்கென்று 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் இருக்கிறது.

தெருச் சங்கம் வேறு ரகம். அது பார்த்துக்கொள்ளும் எதுவுமே அதற்குச் சொந்தமில்லை. சாலை மாநகராட்சியுடையது. மூலையில் இருக்கும் பூங்கா, மனை போட்ட காலத்தில் லேஅவுட்காரர் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த திறந்தவெளி நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீதத்தை இப்படி ஒதுக்கியாக வேண்டும் என்பது விதி. தெருவின் கிழக்கு முனையில் இருக்கும் மணல் அரசாங்கத்துடையது. அதைத் தாண்டி இருப்பது யாருடையது என்று கேட்டால் மீனவக் குப்பத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

ஆகவே உங்களிடம் சந்தா கேட்டு வருபவர் எந்தச் சங்கத்திலிருந்து வருகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல அடுக்குமாடிகளில் கட்டடச் சங்கமே மொத்தமாக ஒரு தொகையைத் தெருச் சங்கத்துக்குக் கட்டிவிடும். இரண்டு பக்கமும் நீங்களே கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துச் சண்டை போட வேண்டாம்.

சான்றிதழையும் பைலாவையும் கேட்டு வாங்குங்கள்

கேட்கத் தயங்கவேண்டாம். ஒழுங்கான சங்கம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பிவிடும். “அதெல்லாம் செக்ரட்டரி வீட்டுல இருக்கு, பார்த்துக்கலாம்” என்று வரும் பதில் நல்ல அறிகுறி கிடையாது.

தமிழ்நாட்டில் இந்தச் சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம். உறுப்பினர் இருபது பேரைத் தொட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். 1975ல் பத்தாயிரம் என்பது பெரிய தொகை. இன்றைக்கு ஒரு பொங்கல் கோலப் போட்டியும் ஒரு குடியரசு தினக் கொடியேற்றமும் நடத்தினாலே அந்த வரம்பு வந்துவிடும். ஆகையால் “நாங்க சின்னச் சங்கம், பதிவு தேவையில்ல” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும். கையில் இருக்க வேண்டியவை பதிவுச் சான்றிதழ், சங்கத்தின் நோக்கங்களைச் சொல்லும் அமைப்புக் குறிப்பு, நடைமுறையைச் சொல்லும் தனிநிலை விதிகள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் பைலா என்கிறார்கள்.

பைலா இருபது பக்கம் இருக்கலாம். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, நாலு விஷயத்தைத் தேடுங்கள்.

ஒன்று, யாருக்கு ஓட்டு. வீட்டுக்கு ஒரு ஓட்டா, ஆளுக்கு ஒரு ஓட்டா? வாடகைக்கு இருப்பவருக்கு உண்டா? பழைய பைலாக்கள் பலவற்றில் சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் ஓட்டு. வாடகைதாரர் இணை உறுப்பினர், சந்தா கட்டலாம், காபி குடிக்கலாம், கை தூக்க முடியாது. என் கருத்தில் இது கடலோரத் தெருவுக்கு ஒத்தே வராது. இங்கே சொந்தக்காரர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வந்தால் பல் துலக்கி முகம் சுளிப்பவர் வாடகைக்காரர்தான். நீங்கள் வாடகைக்கு வந்திருந்தால் முதல் பொதுக்குழுவிலேயே இதைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். பைலாவைத் திருத்தச் சாதாரணத் தீர்மானம் போதாது, முன்னறிவிப்புக் கொடுத்து சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். எனவே பதில் வர ஒரு வருடம் ஆகும். பரவாயில்லை, கேட்டு வையுங்கள்.

இரண்டு, செயற்குழுவின் ஆயுள். சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, திரும்பவும் தேர்ந்தெடுக்கலாம். “இவர்தான் பதினைந்து வருஷமாத் தலைவர்” என்றால் அதில் சட்டக்குற்றம் ஒன்றும் இல்லை. நடுவே ஐந்து முறை தேர்தல் நடந்ததற்குத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு இருக்கிறதா, புதுக் குழுவின் பட்டியல் பதிவாளருக்குப் போனதா என்றுதான் பார்க்க வேண்டும். பல சங்கங்கள் சறுக்கும் இடம் இது. பட்டியலைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுவார்கள். பின்னால் வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போது, பதிவாளர் அலுவலகக் கணக்கில் இறந்துபோனவர் ஒருவர் இன்னும் செயலாளராக இருப்பது தெரியவரும்.

மூன்று, செலவு வரம்பு. செயலாளர் தானே எவ்வளவு செலவழிக்கலாம், செயற்குழு எவ்வளவு, அதற்கு மேல் பொதுக்குழுவைக் கேட்க வேண்டுமா? இந்த வரி பைலாவில் இல்லாவிட்டால் எல்லாச் சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

நான்காவது கோரம். பொதுக்குழுவுக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும், வராவிட்டால் என்ன செய்வது என்பது.

ஒரு பொதுக்குழு எப்படி இருக்கும்

ஞாயிறு காலை பத்து மணி என்று நோட்டீஸ் சொல்லும். இடம் பூங்காவின் சிமென்ட் மேடை, அல்லது யாராவது ஒருவர் வீட்டு கார் ஷெட். பத்தேகாலுக்குத் தலைவர், செயலாளர், நாற்காலி போடும் பையன், காது கேட்காத ஒரு தாத்தா ஆகிய நால்வர் இருப்பார்கள். பத்தே முக்காலுக்குக் கோரம் இல்லை என்று அறிவித்து, பைலாவில் சொன்னபடி அரை மணி ஒத்திவைத்து, அதே இடத்தில் அதே ஆட்களோடு மறுபடி கூட்டுவார்கள். ஒத்திவைத்த கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை என்று பெரும்பாலான பைலாக்கள் சொல்வதால் இது செல்லும். வடை வந்ததும் கூட்டம் முப்பதாகும்.

அஜெண்டாவில் ஆண்டறிக்கை, தணிக்கை செய்த வரவுசெலவு, அடுத்த ஆண்டு பட்ஜெட், தேர்தல் இருந்தால் தேர்தல், கடைசியில் இதர விஷயங்கள். உண்மையான கூட்டம் அந்தக் கடைசிப் பகுதியில்தான் நடக்கும். தெருநாய், பக்கத்து வீட்டு வேப்பிலை, வார இறுதியில் பீச்சுக்கு வருபவர்கள் கேட்டுக்கு முன்னால் நிறுத்தும் கார். புதியவர் அங்கே முதலில் வாயைத் திறக்க வேண்டாம். முதல் கூட்டத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, “போன வருஷத் தீர்மானங்கள்ல எதெல்லாம் முடிஞ்சுது?” என்பது. அதற்குச் செயலாளர் புத்தகத்தைப் புரட்டினால் உருப்படியான சங்கம்.

வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது பேர் கட்டை விரல் காட்டியது தீர்மானம் ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பணம்: சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்கு 120 வீடு உள்ள ஒரு நகர் என்று வைத்துக்கொள்வோம். வருடச் சந்தா 1,200 ரூபாய். எல்லாரும் கட்டினால் 1,44,000. எல்லாரும் கட்ட மாட்டார்கள். பூட்டிக் கிடக்கும் வீடு, “அடுத்த மாசம்” வீடு, செயலாளரோடு பேச்சு வார்த்தை இல்லாத வீடு எல்லாம் போக எண்பது வீடு தேறினால் 96,000. மாதத்துக்கு எட்டாயிரம். இதில் ஒரு வேளைக்குக்கூட வாட்ச்மேன் வைக்க முடியாது.

அதனால் சந்தாவை வைத்துச் சங்கத்தின் உயிரை மட்டும்தான் பிடித்துவைக்க முடியும்: தணிக்கையாளர் கட்டணம், பதிவாளரிடம் வருடாந்திரத் தாக்கல், பூங்காத் தோட்டக்காரருக்குக் கொஞ்சம், வேலியோரக் கருவேலஞ்செடி வெட்டுக்கூலி, கொடியேற்றத்துக்கு மிட்டாய். பாதுகாப்பு வேண்டும் என்றால் அதற்குத் தனியாக மாதக் கட்டணம் வாங்க வேண்டும். தனிக் கணக்கில் எழுத வேண்டும். வேண்டும் என்கிற தெருக்காரர்கள் மட்டும் சேர்ந்து போட்டால் போதும். அதைச் சந்தாவோடு கலக்கும் சங்கம் இரண்டாவது வருடம் இரண்டையும் இழக்கும். பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பாடம் எங்கள் தெருவிலேயே படித்தது. திருட்டு ஒன்று நடந்த சூட்டில் ஒரே வாரத்தில் நன்கொடை குவிந்து, பன்னிரண்டு சிசிடிவி கேமரா வாங்கினோம். கம்பத்தில் நன்கொடையாளர் பெயரோடு “உபயம்” பலகை. பூஜை போட்டுச் சூடம் காட்டி ஆரம்பித்தோம். கடற்காற்றில் உப்பு இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாததா? தெரிந்துதான் சாதாரண இரும்புக் கிளாம்ப் போட்டோம், விலை பாதி என்பதால். அடுத்த ஐப்பசி மழையில் கடைசித் தெருவின் மூன்று கேமராக்கள் தலை தொங்கி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தன. கிளாம்பைக் கையால் தொட்டால் பட்டை பட்டையாக உதிர்ந்தது. திரும்பப் பொருத்தப் பணம் கேட்டால் யாரும் தரவில்லை. நன்கொடை கொடுப்பவர் புதுசுக்குத்தான் கொடுப்பார், ரிப்பேருக்குக் கொடுக்க மாட்டார், ரிப்பேருக்கு உபயப் பலகை வைக்க முடியாதல்லவா. அன்றிலிருந்து எந்தச் சாமானுக்கு நன்கொடை வந்தாலும் அதில் கால் பங்கைப் பராமரிப்புக்கென்று வைப்பில் போடுவது எங்கள் தீர்மானம். கடலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு எல்லாப் பொருளின் ஆயுளும் குறையும். உங்கள் சங்கத்தின் பட்ஜெட்டில் “துருவுக்கு” என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அவசர நிதி அடுத்தது. 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் அடித்தபோது எங்கள் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது. ஆனால் ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குறுக்கே விழுந்த மரத்தை அறுக்க வந்தவர்கள் செக் வாங்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை, டீசல் போடக் காசு வேண்டுமே. கடைசியில் தெருவிலிருந்த பெண்கள் அஞ்சறைப் பெட்டி, உண்டியல் எல்லாவற்றையும் கவிழ்த்து நூறும் ஐம்பதுமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தச் சில்லறையை எண்ணி ரசீது போட்டு முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இப்போது யூபிஐ இருக்கிறது என்பீர்கள். புயலுக்கு மறுநாள் கரண்டும் டவரும் இருக்குமா? மழைக்காலம் முழுவதும் கையிருப்பாக ஒரு தொகை இருக்கலாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. மற்ற மாதங்களில் பொருளாளர் கையில் பெரிய ரொக்கம் இருக்கக் கூடாது.

கணக்கு எப்படி இருக்க வேண்டும்

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் பான் எண்ணோடு இருக்க வேண்டும். மூன்று பேரில் இருவர் கையெழுத்து. சந்தா வாங்கும் யூபிஐ எண் ஒரு தனி மனிதரின் பெயரைக் காட்டினால் நிறுத்திக் கேளுங்கள். அந்த மனிதர் உத்தமராகவே இருப்பார், ஆனால் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் பணம் வாரிசுதாரர்களிடம் போய்விடும். எனக்கு முன்னால் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. திருப்பி வாங்கப் பட்ட பாட்டை இங்கே எழுத விருப்பமில்லை.

ரசீதுக்கு வரிசை எண் இருக்க வேண்டும். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல், இரண்டு பிரதியையும் அடிக்கட்டையோடு சேர்த்துப் பின் பண்ணி, குறுக்கே “ரத்து” என்று எழுதி வைக்க வேண்டும்.

வரி விஷயத்தில் பயம் அதிகம், விஷயம் குறைவு. உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே போட்டுக்கொள்ளும் சந்தாவுக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது. அவரவர் பணம் அவரவருக்கே செலவாகிறது என்பது கணக்கு. ஆனால் மிச்சத்தை வங்கியில் வைப்பாகப் போட்டால் அந்த வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை. பெங்களூர் கிளப் வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஜிஎஸ்டி பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் 7,500 ரூபாய் வரம்பு ஓர் உறுப்பினர் ஒரு மாதத்துக்குக் கட்டும் தொகையைப் பற்றியது. பெரிய அடுக்குமாடிகளுக்குத்தான் அந்தக் கவலை. “நன்கொடைக்கு 80ஜி கிடைக்குமா” என்பார்கள், அதாவது கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்குமா என்று. தன் உறுப்பினர்களின் நலனுக்காக நடக்கும் தெருச் சங்கத்துக்குப் பொதுவாகக் கிடைக்காது.

வெளிநாட்டுப் பணம் மட்டும் நிஜமாகவே கவனிக்க வேண்டியது, கடலோரத் தெருக்களில் முக்கியமாக. வீட்டுக்காரர் நியூஜெர்சியில் இருப்பார், மனம் நிறைந்து ஒரு லட்சம் அனுப்புகிறேன் என்பார். அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவருடைய சேமிப்பிலிருந்து வரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெறாத சங்கம் அவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. ஆகவே “அண்ணே, பாஸ்போர்ட் என்ன கலர்?” என்று கேட்டுவிட்டு ரசீது போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆடிட்டரைக் கேட்டபின் வாங்குங்கள்.

அரசாங்கப் பணத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவது

சங்கத்தின் சொந்தப் பணம் கொஞ்சம்தான். உண்மையில் தெருவில் நடக்கும் பெரிய வேலைகள் எல்லாம் மாநகராட்சிப் பணத்தில் நடப்பவை. அதை எங்கே செலவழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் சங்கத்தின் வேலை.

தெருவிளக்கு, குப்பை, பள்ளம் என்றால் 1913க்கு போன் செய்து புகார் எண் வாங்குங்கள். எண்ணைச் செயலாளருக்கு அனுப்புங்கள். பத்து வீட்டிலிருந்து பத்துப் புகார் எண்ணோடு மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்க்கப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். சென்னையில் 200 வார்டு. உங்கள் வார்டு எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வார்டுக்குள் பகுதி சபைகள் என்று 2022லிருந்து அமைக்கப்பட்டிருக்கின்றன. கவுன்சிலரை நேரில் வைத்துக்கொண்டு கேட்டு, கேட்டதைப் பதிவு செய்யவைக்க அது நல்ல இடம். எப்போது கூட்டம் என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். பூங்கா, நடைபாதை, பள்ளிக்கூடச் சுவர் மாதிரி வேலைகளுக்கு இது சரியான வழி. சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கீடு உண்டு. இவற்றில் எதற்கும் மனு கொடுக்கும்போது சங்கத்தின் லெட்டர்பேடில் பதிவு எண்ணோடு, தீர்மான நகலை இணைத்துக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கடல் பக்கத்தில் இருப்பதால் வரும் விவகாரங்கள்

நகரின் உள்ளே இருக்கும் தி.நகர்ச் சங்கத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

தண்ணீர் முதலாவது. நாம் நிற்பது மணல்மேடு. அதில் ஊறும் மழைநீர் உப்புநீரின் மேல் ஒரு மெத்தை போல மிதந்துகொண்டிருக்கிறது. மேலே நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கீழே உப்புநீர் நாற்பது மீட்டர் வரை மேலே ஏறலாம் என்பது நிலத்தடி நீர்க்காரர்கள் போடும் கணக்கு. ஒரு வீட்டுக்காரர் ஆழமாகப் போர் போட்டு லாரிக்கு விற்றால் பக்கத்துப் பத்து வீட்டுக் கிணறும் கரிக்கும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003லேயே கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் பல வீடுகளில் குழாய் இருக்கும், குழியில் மண் அடைத்திருக்கும். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக் குழிகளையும் தூர்வாருவது எங்கள் சங்கம் செய்த வேலைகளிலேயே செலவு குறைந்தது, பலன் அதிகம்.

இதே காரணத்துக்காகத்தான், கோவளம் வடிநிலத்தில் ஜெர்மன் வங்கிக் கடனுதவியில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டம் வந்தபோது ஈசிஆர் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்கள் எதிர்த்தன. மழை மணலில் தானாக இறங்குகிறது, அதைப் பிடித்துக் கடலில் விட எதற்குக் கான்கிரீட் என்பது வாதம். பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. வடிகால் வேண்டாம் என்று ஒரு சங்கம் வழக்குக்குப் போவதை நகரின் வேறு எந்த மூலையிலும் நினைத்துப் பார்க்க முடியாது.

அடுத்தது கட்டுமானம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991ல் வந்தது, பிறகு 2011, 2019ல் மாற்றி எழுதினார்கள். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் எல்லை. கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதியில், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலத்துப் பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம்; கடல் பக்கமாக நீட்டக் கூடாது. சங்கத்துக்கு இதில் அனுமதி கொடுக்கவும் தடுக்கவும் அதிகாரம் இல்லை, அதிகாரிகளுக்கு எழுதத்தான் முடியும். “சங்கத்துல என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்கியாச்சு” என்று ஒரு புரோக்கர் சொன்னால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்த மணலில் முட்டையிட வருகின்றன. பொரித்து வரும் குஞ்சு வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து நடக்கும். மொட்டைமாடி ஃபோகஸ் விளக்கைப் பார்த்து ரோட்டுக்கு வந்துவிடும். சென்னையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988லிருந்து இரவு நேரத்தில் இந்தக் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறது. கடலைப் பார்த்த விளக்குகளை அந்த மாதங்களில் இரவு அணைப்பது என்று தீர்மானம் போட்டோம். எதிர்ப்பு வந்தது, திருடன் வருவான் என்று. ஒரு ராத்திரி எதிர்த்தவர்களையே கூட்டிக்கொண்டு நடந்தோம். அப்புறம் யாரும் பேசவில்லை.

குப்பத்தின் சபை

உங்கள் தெரு முனையில் மீனவக் குப்பம் இருந்தால், அங்கே உங்கள் சங்கத்தைவிட வயதில் மிக மூத்த சங்கம் ஒன்று இருக்கிறது. ஊர் சபை, பஞ்சாயத்து என்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். பல குப்பங்களில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி உண்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. திருவிழாவுக்குத் தனி வசூல், மீன் வியாபாரத்திலிருந்து ஒரு பங்கு. அதை வைத்துக் கோயில், வழக்குச் செலவு, இழப்பு வந்த குடும்பத்துக்கு உதவி எல்லாம் நடக்கும். எந்த வலை போடக் கூடாது, எந்த நாள் கடலுக்குப் போகக் கூடாது என்று சபை சொன்னால் அது நடக்கும். சந்தா பாக்கி வசூலிக்க வீடு வீடாக நடந்து செருப்புத் தேய்ந்த எனக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் அங்கே பெண்கள் சபையில் உட்கார்வது அரிது என்பதையும் சொல்ல வேண்டும். மீனை விற்று வீட்டுக்குக் காசு கொண்டுவருவது அவர்கள்தான்.

புதிதாக வருபவர்கள் குரூப்பில் போடும் முதல் புகார் பெரும்பாலும் “மீன் நாத்தம்”, “வலையை வழியில காயப்போடறாங்க” என்பதாக இருக்கும். போடாதீர்கள். வலை காயும் இடமும் படகு ஏற்றும் இடமும் உங்கள் மனை அளக்கப்படுவதற்கு முன்பே அவர்களுடைய புழக்கத்தில் இருந்த பொது இடங்கள். கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் அவற்றைக் குறிக்க வேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே சொல்கிறது. ஏதாவது பேச வேண்டுமென்றால் மனு எழுதிக் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பேர் நேரில் போய்ச் சபைத் தலைவரைப் பாருங்கள். காலை ஏல நேரத்தில் போகாதீர்கள், சாயங்காலம் போங்கள். எங்கள் தெருவில் கார் நிறுத்தும் தகராறு பதினைந்து நிமிடத்தில் அப்படித்தான் முடிந்தது. அதே விஷயத்துக்கு எங்கள் குரூப்பில் எட்டு மாதம் சண்டை நடந்திருந்தது.

நீங்களே பொறுப்புக்கு வந்தால்

வருவீர்கள். ஒழுங்காகச் சந்தா கட்டி, இரண்டு கூட்டத்துக்கு நேரத்துக்கு வந்தால் மூன்றாவதில் உங்களை இணைச் செயலாளர் ஆக்கிவிடுவார்கள். பொருளாளர் பதவி கொடுத்தால் வாங்குவதற்கு முன், பழையவரோடு உட்கார்ந்து வங்கிப் பாஸ்புக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒரே தேதிக்குச் சரிபார்த்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். “நம்மளுக்குள்ள எதுக்கு சார்” என்று சிரிப்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் சங்கத்துக்கு அலுவலகம் கிடையாது, ஒரு தகர டிரங்குப் பெட்டிதான். கைமாறும்போது உள்ளே இருப்பதை எண்ணி வாங்க வேண்டும்: பதிவுச் சான்றிதழ் அசல், பைலா, தீர்மானப் புத்தகங்கள் எல்லா வருடத்துக்கும், உறுப்பினர் பதிவேடு, தீர்ந்த ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள், செக் புத்தகம், தணிக்கை அறிக்கைகள், பதிவாளரிடம் தாக்கல் செய்த ஒப்புகைச் சீட்டுகள், ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர்பேடு, தேசியக் கொடி. காகிதமெல்லாம் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும், இங்கே ஈரக்காற்றில் மை பரவிவிடும். பெட்டியைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். பூட்டு பித்தளைப் பூட்டாக இருக்கட்டும், இரும்புப் பூட்டு அடுத்த தேர்தலுக்குள் திறக்காது. சாவி இரண்டு, ஒன்று செயலாளரிடம், ஒன்று பொருளாளரிடம்.